இருபது வீடு, ஒரு நோட்டு, ஒரு வாட்ஸ்அப் குழு

(வாக்குச்சாவடி முகவர்கள் மற்றும் இணையதள அணிப் பொறுப்பாளர்களுக்கான பயிற்சிக் கூட்டத்தில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



மாவட்டம், ஒன்றியம், நகரம், கிளைன்னு எல்லா நிர்வாகிகள் பெயரையும் சொல்ல ஆரம்பிச்சா அரை மணி நேரம் போயிடும். சாப்பாடு ஆறிடும். அதனால பொதுவா ஒரு வணக்கம். விடுபட்ட தோழர்கள் கோவிச்சுக்க வேண்டாம்.

நேரா விஷயத்துக்கு வர்றேன். இங்கே எத்தனை பேர் வாட்ஸ்அப் குழுவுக்கு அட்மினா இருக்கீங்க? கையைத் தூக்குங்க. கிட்டத்தட்ட எல்லாருமே. ரொம்ப சந்தோஷம். இப்ப, உங்க குழுவில் இருக்கிறவங்கள்ல எத்தனை பேர் உங்க வாக்குச்சாவடியில ஓட்டு உள்ளவங்கன்னு சரியா சொல்லத் தெரிஞ்சவங்க மட்டும் கையை வச்சிருங்க. மத்தவங்க இறக்கிடுங்க.

சரி, நான் எண்ணல. இன்னைக்குப் பேச வேண்டியது இதைப் பத்தித்தான்.

நம்ம குழுக்கள்ல என்ன நடக்குது? காலையில வணக்கம் படம். அப்புறம் தலைமை வெளியிட்ட அறிக்கை. அதையே நாலு பேர் நாலு தடவை போடுவாங்க. நடுவுல யாரோ ஒருத்தர் பிறந்தநாள். கை கூப்புற பொம்மை அறுபது. ராத்திரி எதிர்க்கட்சிக்காரர் வீடியோவுக்கு நம்மாளு ஒருத்தர் பதில் சொல்லி, அதுக்கு நம்மாளே இன்னொருத்தர் பதில் சொல்லி, ரெண்டு பேரும் குழுவை விட்டு வெளியே போயிடுவாங்க. இதுக்குப் பேரு அமைப்பு இல்ல தோழர்களே. இது கூட்டம். கூட்டம் சேர்றது தப்பில்ல. ஆனா சேர்ந்த கூட்டத்துல யாருக்கு என்ன வேலைன்னு ஒரு பேப்பர்ல எழுதி இருந்தாத்தான் அது அமைப்பு.

2017 ஜனவரியில மெரினாவுல என்ன நடந்ததுன்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. உங்கள்ல பாதிப் பேர் அங்கே இருந்திருப்பீங்க. ஃபேஸ்புக், வாட்ஸ்அப்ல ஆரம்பிச்சு லட்சக்கணக்குல பசங்க வந்து உட்கார்ந்தாங்க. சாப்பாடு வந்தது, குப்பையை அவங்களே அள்ளினாங்க, டிராஃபிக்கை அவங்களே பார்த்துக்கிட்டாங்க. ஜல்லிக்கட்டுக்குச் சட்டமும் வந்தது. ஆனா 23-ஆம் தேதி போலீஸ் கலைச்சதுக்கு அப்புறம் அந்த லட்சம் பேரும் எங்கே போனாங்க? அவங்கவங்க வீட்டுக்குப் போனாங்க. யார் வந்தாங்க, எந்த ஊரு, நாளைக்கு ஒரு வேலைன்னா யாரைக் கூப்பிடணும்னு ஒரு பட்டியல் யார்கிட்டயும் மிஞ்சல. அவ்வளவு பெரிய சக்தி, ஒரு நோட்டு இல்லாம கரைஞ்சது.

அதுக்கு ஒரு வருஷம் முன்னாடி, 2015 டிசம்பர் சென்னை வெள்ளம். அப்ப தன்னார்வலர்கள் வச்சிருந்தது என்ன? ஒரு சாதாரண கூகுள் ஷீட். எங்கே படகு வேணும், எங்கே சாப்பாடு இருக்கு, யார் வீட்டு மாடியில தங்க இடம் இருக்கு, பக்கத்துல ஒரு போன் நம்பர். யாரோ ஒருத்தர் வெளியூர்ல உட்கார்ந்து அந்த நம்பருக்குப் போன் பண்ணி, "இன்னும் உதவி தேவையா, வந்துடுச்சா"ன்னு கேட்டுத் திருத்திக்கிட்டே இருந்தார். அந்தத் திருத்துற வேலை இருக்கே, அதுதான் உயிர். ஷீட்டை யார் வேணா போடலாம்.

இது ஏன் இப்ப அவசரம்னு சொல்றேன். வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் நடந்தப்போ, 2025 டிசம்பர் 19 அன்னைக்கு வரைவுப் பட்டியல் வந்தது. அதுக்கு முன்னால தமிழ்நாட்டுல 6 கோடியே 41 லட்சம் வாக்காளர்கள். வரைவுல 97 லட்சத்துக்கும் மேற்பட்ட பெயர்கள் இல்ல. சென்னை மாவட்டத்துல மட்டும் 14 லட்சத்துக்கு மேல. இறந்தவங்க, இடம் மாறினவங்க, ரெண்டு இடத்துல பேர் இருக்கிறவங்கன்னு காரணம் சொன்னாங்க. அதுல உண்மையிலேயே எடுக்க வேண்டிய பேரும் நிறைய இருந்தது, அதை நாம மறுக்க வேண்டியதில்ல. செத்துப் போனவர் பேர் பட்டியல்ல இருந்தா கள்ள ஓட்டுக்குத்தான் வழி.

ஆனா கேள்வி என்ன? மூணாவது தெருவுல பூட்டிக் கிடக்குற வீட்டுப் பாட்டி ஊரை விட்டே போயிட்டாங்களா, இல்ல மக பிரசவத்துக்கு ரெண்டு மாசம் திருப்பூர் போயிருக்காங்களா? இது டெல்லிக்குத் தெரியாது. கலெக்டர் ஆபீஸுக்குத் தெரியாது. வந்து போற பி.எல்.ஓ.வும் பாவம், அங்கன்வாடி வேலையோ பள்ளிக்கூட வேலையோ பார்த்துக்கிட்டு, கூடுதலா இதையும் சுமக்குறவங்க. மூணு தடவை வந்து பூட்டியிருந்தா அவங்க என்ன எழுதுவாங்க? இது பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் தெரியும். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் நம்ம ஆளா இருக்கணும், அவருக்குத் தெரிஞ்சது அன்னைக்கே உங்களுக்கு வந்து சேரணும். ஆன்லைன் அமைப்புன்னு நான் சொல்றது அவ்வளவுதான். இதுக்கு ஆப் தேவையில்ல.

ஒரு பேர், ரெண்டு பேர் விட்டுப்போனா என்ன ஆகிடப் போகுதுன்னு நினைக்கிறவங்க இருக்கீங்க. 2016 சட்டமன்றத் தேர்தல்ல ராதாபுரம் தொகுதி முடிவு 49 ஓட்டு வித்தியாசம். அந்த வழக்கு எத்தனை வருஷம் நடந்ததுன்னு உங்களுக்குத் தெரியும். 2021-ல தியாகராய நகர் 137 ஓட்டு. எந்தக் கட்சி ஜெயிச்சது, எது தோத்ததுங்கிறதை விடுங்க. 49 ஓட்டுன்னா ஒரு தெரு. ஒரு தெருகூட இல்ல, தெருவுல பத்துப் பன்னிரண்டு வீடு.

இப்ப வேலைக்கு வருவோம்.

ஒரு வாக்குச்சாவடிக்கு அதிகபட்சம் 1,200 வாக்காளர்னு ஆணையம் வச்சிருக்கு. வீட்டுக்கு நாலு ஓட்டுன்னு போட்டா 300 வீடு. 15 பேர் இருந்தா ஆளுக்கு 20 வீடு. இருபது வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர், அவ்வளவுதான் கணக்கு. 15 பேர் கிடைக்கலையா, எட்டுப் பேரோட ஆரம்பிங்க. ஆனா 1,200 பேரையும் ஒரே ஆள் பார்த்துக்கிறேன்னு சொன்னா நம்பாதீங்க. அவர் யாரையும் பார்க்க மாட்டார்.

அந்த இருபது வீட்டுப் பொறுப்பாளர் கையில முதல்ல இருக்க வேண்டியது ஸ்மார்ட்போன் இல்ல. ஒரு 80 பக்க நோட்டு. பள்ளிக்கூடப் பிள்ளைங்க வச்சிருக்கிற கோடு போட்ட நோட்டு போதும். வீட்டுக்கு ஒரு பக்கம். மேல பாகம் எண், வரிசை எண். கீழே யார் யார், யாருக்கு 18 ஆகப்போகுது, யார் வெளியூர்ல வேலை, யாருக்கு நடக்க முடியாது. வீட்டுல போன் எடுக்கிறது யாரு, எந்த நேரத்துல எடுப்பாங்க.

எங்க பகுதியில தையல் கடை வச்சிருக்கிற ஒரு அக்கா இருக்காங்க. கட்சியில எந்தப் பதவியும் கிடையாது. ஜாக்கெட் அளவு எழுதுற நோட்டுலயே பின்பக்கம் திருப்பிப் போட்டு 22 வீட்டுக் கணக்கு வச்சிருக்காங்க. ஜாக்கெட் வாங்க வர்ற பொண்ணுகிட்ட, "ஏம்மா, கல்யாணம் ஆகி வந்து ஒரு வருஷம் ஆகுது, ஓட்டை இங்கே மாத்தினியா?"ன்னு கேட்டுடுவாங்க. நான் அவங்களைக் கேட்டேன், "அக்கா, இதையெல்லாம் ஷீட்ல ஏத்தலாமே." "நீ ஏத்திக்கோ தம்பி, எனக்கு இது போதும்"னாங்க. அது சரிதான். நோட்டு அவங்க வேலை. அதை வாரம் ஒரு நாள் போட்டோ எடுத்து வாங்கி ஷீட்ல ஏத்துறது இணையதள அணிக்காரங்க வேலை. தெருவுல இருக்கிறவங்களை டைப் அடிக்கச் சொல்லாதீங்க. ஏத்திட்டா அந்தப் போட்டோவை ரெண்டு பேர் போன்லயும் அழிச்சிடுங்க.

பெரியவங்களுக்குத் தெரியும், இந்த மண்ணுல அரசியல் இயக்கங்கள் வளர்ந்ததே இப்படித்தான். டீக்கடையிலயும் முடிதிருத்தும் கடையிலயும் ஒருத்தர் பத்திரிகையைச் சத்தமா வாசிப்பார், படிக்கத் தெரியாதவங்க சுத்தி உட்கார்ந்து கேட்பாங்க. ஊருக்கு ஊரு படிப்பகம். அங்கே வர்றவங்க பேர் எல்லாருக்கும் தெரியும். யார் வரலன்னும் தெரியும். நம்ம வாட்ஸ்அப் குழுவுல யார் வரலன்னு நமக்குத் தெரியுதா?

அடுத்து, போன். இங்கே ஒரு சின்ன விஷயம் சொல்றேன், கவனிங்க. வாட்ஸ்அப்ல பிராட்காஸ்ட் லிஸ்ட்னு ஒண்ணு இருக்கு. ஒரே செய்தியை 256 பேருக்குத் தனித்தனியா அனுப்பலாம், குழு மாதிரி எல்லாரும் எல்லாரையும் பார்க்க முடியாது. ஆனா உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணி வச்சிருந்தாத்தான் செய்தி போகும். இல்லன்னா போகவே போகாது. நிறையப் பேர் இதைக் குறைன்னு சொல்றாங்க. எனக்கு இது ஒரு பரீட்சை மாதிரித் தெரியுது. அந்த இருபது வீட்டுல எத்தனை பேர் போன்ல உங்க பேர் இருக்கு? "கட்சிக்கார அண்ணன்"னு இருந்தாலும் சரி, "தண்ணி லாரி மணி"ன்னு இருந்தாலும் சரி. தண்ணி வரலன்னா, தெரு விளக்கு எரியலன்னா, முதியோர் பென்ஷன் நின்னு போச்சுன்னா உங்களைக் கூப்பிடணும்னு தோணியிருந்தாத்தான் அந்தப் பேர் அங்கே இருக்கும். தேர்தலுக்கு ரெண்டு மாசம் முன்னாடி போய் "சேவ் பண்ணிக்கோங்க"ன்னா, சிரிச்சுக்கிட்டே தலையாட்டிட்டுப் பண்ண மாட்டாங்க.

ஃபார்வர்டு பத்தியும் சொல்லணும். 200 குழுவுல தள்ளிட்டேன்னு பெருமையா சொல்றவங்க இருக்கீங்க. 2018-ல இருந்தே இந்தியாவுல ஒரு தடவைக்கு 5 பேருக்கு, இல்ல 5 குழுவுக்கு மேல ஃபார்வர்டு பண்ண முடியாது. 2020-க்கு அப்புறம், ஏற்கனவே பல கை மாறின செய்தின்னா ஒரு தடவைக்கு ஒண்ணே ஒண்ணுதான். ஏன் இந்தக் கட்டுப்பாடு வந்தது? அந்த வருஷம் நாடு முழுக்கக் குழந்தை கடத்தல் வதந்தி. நம்ம திருவண்ணாமலை மாவட்டத்துல, 2018 மே மாசம், குலசாமி கும்பிடப் போன குடும்பம். வழியில குழந்தைங்களுக்குச் சாக்லேட் கொடுத்தாங்கன்னு ஊரே கூடி அடிச்சதுல ஒரு மூதாட்டி செத்தே போனாங்க. ஒரு வாட்ஸ்அப் வதந்தி. அதனால நம்ம குழுவுல ஒரு செய்தி வந்து, யார் சொன்னது, எந்த ஊரு, எந்தத் தேதின்னு மூணுக்கும் பதில் இல்லன்னா அட்மின் எடுத்துடணும். நமக்குச் சாதகமான செய்தியா இருந்தாலும் எடுத்துடணும். இதுல கண்டிப்பா இருங்க. சண்டை வந்தா என் பேரைச் சொல்லுங்க.

குழு நடத்துறதுக்கு எங்க அனுபவத்துல நின்ன வழி இதுதான். சாவடிக்கு ரெண்டு குழு. ஒண்ணு, 15 பொறுப்பாளர்கள் மட்டும் இருக்கிற வேலைக் குழு. அதுல வணக்கம் படம் கிடையாது, பிறந்தநாள் கிடையாது. இன்னொண்ணு, ஆதரவாளர்கள் எல்லாரும் இருக்கிற ஊர்க் குழு. அதுல அட்மின் மட்டும் பதிவு போடுற மாதிரி பூட்டி வைக்காதீங்க. பூட்டினா அது நோட்டீஸ் போர்டு. ஜனங்க பேசட்டும், திட்டட்டும். கவுன்சிலரைத் திட்டினாலும் பரவாயில்ல, நம்ம கவுன்சிலரா இருந்தாலும் பரவாயில்ல. சாக்கடை அடைச்சிருக்குன்னு போட்டோ போட்டா, ஒரு நாளைக்குள்ள யாராவது போய்ப் பார்த்து, பார்த்ததைத் திரும்பப் போட்டோ எடுத்துப் போடணும். சரி பண்ண முடியலன்னா முடியலன்னு சொல்லுங்க, மனு கொடுத்த ரசீதைப் போடுங்க. ப்ளூ டிக் வந்துட்டுப் பதில் வரலன்னா, எதிர்க்கட்சி வேண்டாம், நாமளே நமக்குப் போதும்.

வயசானவங்களுக்கு எழுத்து அனுப்பாதீங்க, வாய்ஸ் அனுப்புங்க. அரை நிமிஷத்துக்கு மேல போகக் கூடாது. உங்க சொந்தக் குரல்ல. தலைவர் குரல் டி.வி.யிலயே கேட்டுக்குவாங்க.

இதுக்கு வெளிநாட்டுல நடந்த ஒரு கதையைச் சொல்றேன், சுருக்கமா. அமெரிக்காவுல ஹோவர்ட் டீன்னு ஒருத்தர், வெர்மான்ட் மாநில ஆளுநரா இருந்தவர், 2004 தேர்தலுக்கு வேட்பாளராகணும்னு போட்டி போட்டார். மீட்அப்னு ஒரு இணையதளம், அது மூலமா ஊர் ஊரா ஆதரவாளர்கள் தாங்களாவே கூடினாங்க. சின்னச் சின்ன நன்கொடை இணையத்துல கொட்டுச்சு. இணையத்துல கட்சி வேலை பார்க்கிறது எப்படின்னு உலகத்துக்கே காட்டினது அந்தப் பிரச்சாரம்தான். 2004 ஜனவரி 19, அயோவா மாநிலத்துல முதல் வாக்கெடுப்பு. வெளி மாநிலத்துல இருந்து ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஆரஞ்சு குல்லா போட்டுக்கிட்டு வந்து வீடு வீடா கதவைத் தட்டினாங்க. முடிவு என்ன? மூணாவது இடம், 18 சதவீதம். கெர்ரி 38, எட்வர்ட்ஸ் 32. தோல்விக்குப் பல காரணம் உண்டு, குல்லா மேல மட்டும் பழி போட முடியாது. ஆனா அயோவா விவசாயி கதவைத் திறந்தா நிக்கிறது யாருன்னே தெரியாத ஒரு பையன். நாலு வருஷம் கழிச்சு ஒபாமா ஆளுங்க அதே இணையத்தை எடுத்துக்கிட்டாங்க, ஆனா அந்தந்தத் தெருக்காரரையே குழுவாக்கி, அவங்க பக்கத்து வீட்டுக்கு அவங்களையே அனுப்பினாங்க.

நம்ம ஊர்லயும் தேர்தல் நேரத்துல பக்கத்து மாவட்டத்துல இருந்து வேன்ல ஆள் வர்றாங்க இல்லையா? வரட்டும். வரவேற்போம், பிரியாணி போடுவோம். ஆனா கதவைத் தட்டும்போது முன்னாடி நிக்கிறது அந்தத் தெரு தையல் கடை அக்காவா இருக்கணும்.

படிவங்கள் விஷயம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும், ஆனாலும் ஒரு தடவை. புதுசா சேர்க்க படிவம் 6. பேர் நீக்க படிவம் 7. திருத்தம், முகவரி மாற்றம், அட்டை மாற்றிக் கேட்க படிவம் 8. கல்யாணம் ஆகி வந்த பொண்ணுக்குப் படிவம் 8 போதும், புதுசா 6 போட்டுட்டு ரெண்டு இடத்துல பேர் வந்து மாட்டிக்காதீங்க. 18 வயசு கணக்குக்கு வருஷத்துல நாலு தேதி: ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1. 17 முடிஞ்சாலே முன்கூட்டி விண்ணப்பம் கொடுக்கலாம். பிளஸ் டூ படிக்கிற பிள்ளைங்க உங்க இருபது வீட்டுல எத்தனைன்னு நோட்டைப் பார்த்தா தெரியணும். 85 வயசுக்கு மேற்பட்டவங்களும், 40 சதவீதத்துக்குக் குறையாத மாற்றுத்திறனாளிகளும் வீட்டுல இருந்தே ஓட்டு போட படிவம் 12டி. அதைத் தேர்தல் அறிவிக்கை வந்த 5 நாளைக்குள்ள கொடுத்தாகணும். அஞ்சே நாள். அப்ப போய்ப் பட்டியல் எடுக்க முடியாது, முன்னாடியே நோட்டுல இருக்கணும். சந்தேகம்னா 1950-க்குப் போன் பண்ணுங்க.

படிவம் 7 விஷயத்துல ஒரு எச்சரிக்கை. எதிர்க்கட்சிக்கு ஓட்டு போடுற குடும்பம்னு தெரிஞ்சு, அவங்க பேரை நீக்க யாராவது மொத்தமா படிவம் போட்டீங்கன்னா, கட்சி உங்க பின்னாடி நிக்காது. பொய்யான உறுதிமொழி கொடுத்தா ஒரு வருஷம் வரை ஜெயில், இல்ல அபராதம், இல்ல ரெண்டும். சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும். நாளைக்கு அதே குடும்பத்து முகத்துல எப்படி முழிப்பீங்க? நம்ம நோட்டுல எல்லா வீடும் இருக்கணும். நமக்குப் போடாத வீட்டுப் பாட்டி பேர் விட்டுப் போயிருந்தாலும் போய்ச் சொல்லுங்க. அவங்க ஓட்டை நமக்கே போட மாட்டாங்க, தெரியும். சொல்லுங்க.

இன்னொண்ணு, ரொம்ப முக்கியம். ஜனங்க தகவலை நம்ம நம்பிக் கொடுக்கிறாங்க. ஆதார் எண் வாங்காதீங்க. போட்டோ எடுக்காதீங்க. ஓ.டி.பி. கேட்கவே கூடாது, உறுப்பினர் சேர்க்கைக்குன்னு சொல்லியும் கேட்கக் கூடாது. வங்கிக் கணக்குல பணம் போயி ஊரே பயந்து கிடக்குது. "ஓ.டி.பி. யாருக்கும் சொல்லாதீங்க"ன்னு பேங்க்ல சொல்லி அனுப்புறாங்க, நாம போய்க் கதவைத் தட்டி அதையே கேட்டா நம்மளும் திருடனும் ஒண்ணாத்தான் தெரிவோம். ஷீட்டை லிங்க் இருக்கிற எல்லாரும் திறக்கிற மாதிரி வைக்காதீங்க. சாவடி ஷீட் அந்தச் சாவடிப் பொறுப்பாளர், மேல ஒருத்தர், ரெண்டு பேர் மட்டும். சாதி எழுதுற காலம் வேண்டவே வேண்டாம். யாரோ ஒரு பெண் நம்பரை ஊர்க் குழுவுல சேர்த்து, அன்னைக்கு ராத்திரியே நாலு பேர் "ஹாய்" அனுப்பினா, அதோட அந்த வீடு நமக்கு முடிஞ்சது. கேட்டுட்டுத்தான் சேர்க்கணும். பெண்களுக்குத் தனிக் குழு வேணும்னா, பெண் அட்மின் வச்சு நடத்துங்க.

வாக்குப்பதிவு நாளைப் பத்தி அடுத்த முகாம்ல பேசுவோம். ஒரே ஒரு வார்த்தை மட்டும். ஓட்டுப்பதிவு முடியிற நேரத்துக்கு முந்தின 48 மணி நேரம் பிரச்சாரம் கூடாது, அது நம்ம குழுக்களுக்கும் பொருந்தும்னு வச்சுக்கிட்டே நடந்துக்கோங்க. அந்த நேரத்துல வேலைக் குழு மட்டும் ஓடட்டும். அதுவும் யாருக்கு ஆட்டோ வேணும், யார் பேர் எந்த அறையிலன்னு மட்டும்.

மேல இருந்து ஆப் வருமான்னு ரெண்டு மூணு பேர் சீட்டு எழுதி அனுப்பியிருக்கீங்க. வரலாம். வந்தா பயன்படுத்துவோம். ஆனா ஆப்ல ஏத்த ஏதாவது இருக்கணும் இல்லையா? பொறுப்பாளரே இல்லாத சாவடிக்கு எந்த ஆப் வந்தாலும் அது காலிப் பெட்டி. எத்தனை பேர் டவுன்லோடு பண்ணினாங்கன்னு மாநிலத் தலைமை கேட்டா, கணக்கு காட்ட ஒரே ஆள் பத்து போன்ல டவுன்லோடு பண்ற கூத்தையும் பார்த்திருக்கோம். யார்னு கேட்காதீங்க.

சாப்பாட்டுக்கு அப்புறம், ரெண்டு மணிக்கு, சாவடி வாரியா உட்காரணும். உங்க பாகத்தோட வாக்காளர் பட்டியல் அச்செடுத்துப் பின்னாடி மேஜையில வச்சிருக்கு. பாகம் எண் தெரியாதவங்க அங்கே இருக்கிற தங்கச்சிகிட்ட உங்க தெருப் பேரைச் சொல்லுங்க, எடுத்துத் தருவாங்க. ஒரு நோட்டும் பேனாவும் எல்லாருக்கும் உண்டு. முதல்ல உங்க சொந்த வீட்டுப் பேர் சரியா இருக்கான்னு பாருங்க, அப்புறம் இடது பக்க வீடு, வலது பக்க வீடு. சாயங்காலத்துக்குள்ள ஆளுக்கு இருபது வீடு எழுதிட்டுத்தான் வேன் ஏறணும்.